45 டிகிரிக்கு மேல சார்ஜ் பண்ணாதே

கார் சாவி, எடை மெஷின், கம்ப்யூட்டர் மதர்போர்டு, இதுல எதையாவது பிரிச்சுப் பாருங்க. அஞ்சு ரூபா நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். மேல சிஆர்2032னு பொறிச்சிருக்கும். 20ன்னா விட்டம் 20 மில்லிமீட்டர், 32ன்னா தடிமன் 3.2 மில்லிமீட்டர். இதே சைஸ்ல, இதே பளபளப்போட, சார்ஜ் பண்ணக்கூடிய செல்லும் கடையில கிடைக்குது. பக்கத்துல பக்கத்துல வச்சா ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கும். ஆனா ஒண்ணு சார்ஜ் பண்ணா உழைக்கும். இன்னொண்ணு சார்ஜ் பண்ணா வீங்கும், ஒழுகும், வெடிக்கவும் செய்யலாம்.

இந்த ஃபைனல் இயர்ல ஆறு மாசம் நான் இந்தச் சின்ன செல்லோடதான் குடும்பம் நடத்தினேன். அதுக்கு ஒரு சார்ஜிங் சர்க்யூட் எப்படி டிசைன் பண்றதுன்னு இதுல சொல்லப் போறேன். அந்த வேலையில இருந்து கிளம்பின ஒரு கேள்வியும் இருக்கு. அதுக்கு எந்த டேட்டாஷீட்லயும் பதில் இல்ல, அதனால உங்ககிட்ட கொண்டு வந்திருக்கேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம். மின்னோட்டம், மின்தடைன்னு எழுதினா எனக்கே வேற யாரோ எழுதின மாதிரி இருக்கு. அதனால கரன்ட், ரெசிஸ்டர்னு நம்ம லேப்ல பேசற மாதிரியே எழுதறேன்.

இன்டர்ன்ஷிப் எனக்கு ஆரோவில்ல, சோலார் வேலை செய்யற ஒரு சின்ன யூனிட்ல கிடைச்சது. ஆரோவில்னா நம்ம பசங்களுக்கு மாத்ரிமந்திரும் வீக்கெண்ட் கஃபேயும்தான் ஞாபகம் வரும். அங்க சோலார் கிச்சன் மாடியில 15 மீட்டர் விட்டத்துல ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கு. கிண்ணம் அசையாது. சூரியன் நகர நகர, வெயில் குவியற இடத்துல இருக்கிற ரிசீவர் மட்டும் கூடவே நகரும். அதுல வர்ற நீராவில சுமார் ஆயிரம் சாப்பாடு சமைக்க முடியும். அங்க இருந்தா வெயில்னாலே "இன்னும் எவ்ளோ எடுக்கலாம்?"னுதான் யோசிக்கத் தோணும்.

அங்கிருந்து ஈசிஆர்ல வடக்கே போனா மரக்காணம். கடல், பக்கிங்ஹாம் கால்வாய், கழுவெளி, இதையெல்லாம் ஒட்டி பாத்தி பாத்தியா உப்பளம். என் அத்தை அங்க உப்பு வாருறாங்க. அதே வெயில்தான். ஆனா அங்க யாரும் "இன்னும் எவ்ளோ எடுக்கலாம்?"னு கேக்கறதில்ல. விடியறதுக்கு முன்னாடியே வேலைக்கு இறங்கிடறாங்க. வெள்ளை உப்பு மேல பட்டு வெயில் கீழ இருந்தும் அடிக்கும். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களை வச்சு ஸ்ரீ ராமச்சந்திரா ஆராய்ச்சியாளர்கள் செய்த ஒரு ஆய்வு 2023ல வெளிவந்தது. அதுல பத்துல ஒன்பது பேருக்கு மேல, பரிந்துரைக்கப்பட்ட வரம்பைத் தாண்டின வெப்பத்துல வேலை செய்யறாங்கன்னு இருக்கு. சிலருக்கு கிட்னி பாதிப்பும் தெரிஞ்சிருக்கு.

என் ப்ராஜெக்ட் இதுக்காகத்தான். புடவை மேல அவங்க போட்டுக்கிற முழுக்கைச் சட்டையோட தோள்ல குத்திக்கிற மாதிரி ஒரு சின்ன டப்பா. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும். எல்லை தாண்டினா அதிரும். கடற்கரைக் காத்துல பீப் சத்தம் கேக்காது, அதனால வைப்ரேட்டர். எத்தனை மணிக்கு எவ்ளோ சூடுன்னு நேரத்தோட சேவ் பண்ணும். தோள்ல கனமா தொங்கக்கூடாது, அதனால நாணய செல். அது மேலயே ஒரு சின்ன சோலார் பேனல்.

"ஏன் சார்ஜ் பண்ணணும்? சாதா சிஆர்2032 போட்டுடலாமே?"ன்னு நீங்க கேக்கலாம். நல்ல கேள்வி. சிஆர்2032ல சுமார் 220 மில்லியாம்ப்-அவர் இருக்கும். அதே சைஸ் சார்ஜபிள் செல்லான எல்ஐஆர்2032ல சுமார் 40தான். என் டப்பா சராசரியா 60 மைக்ரோஆம்ப் இழுக்குது. கணக்குப்படி சாதா செல் அஞ்சு மாசம் வரும், சார்ஜபிள் செல் வெயிலே இல்லாம 27 நாள் வரும். ஆனா வைப்ரேட்டர் ஒரு தடவை அதிர 60 மில்லியாம்ப் கேக்கும். சிஆர்2032ஓட உள்தடை அதிகம், அவ்ளோ கேட்டா வோல்டேஜ் படுத்துடும். அதோட, தீர்ந்துபோன செல்லை அத்தை எங்க போடுவாங்க? உப்பளத்து வரப்புல போடுவாங்க, இல்லேன்னா வீட்டு ஜன்னல்ல வைப்பாங்க. 20 மில்லிமீட்டர் செல் குழந்தை தொண்டையில மாட்டினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள உணவுக்குழாயை அரிச்சுடும். அதனால செல் டப்பாக்குள்ளயே இருக்கணும், டப்பாவும் ஸ்க்ரூ போட்டு மூடினதா இருக்கணும்.

இப்போ செல்களைப் பிரிச்சுப் பார்ப்போம். இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க. "லித்தியம் நாணய செல்"ங்கிறது ஒரே பொருள் இல்ல, அது ஒரு குடும்பம். எல்ஐஆர் நம்ம ஃபோன் பேட்டரியோட தம்பி. சராசரி 3.6 வோல்ட், ஃபுல் சார்ஜ்ல 4.2. எம்எல்2032ன்னு ஒண்ணு, அது லித்தியம்-மாங்கனீஸ். 3 வோல்ட், அதை 2.8ல இருந்து 3.2க்குள்ளதான் சார்ஜ் பண்ணணும். விஎல்2020ன்னு ஒண்ணு, அது வனேடியம். 3.4 வோல்ட்ல சார்ஜ் ஆகும், சில பழைய பிஎம்டபிள்யூ கார் சாவில இருக்கும். சோலார் வாட்ச்சுக்குள்ள இருக்கிறது 1.5 வோல்ட், 2.3 வோல்ட் செல்கள். எம்எல் செல்லைக் கொண்டுபோய் 4.2 வோல்ட்ல சார்ஜ் பண்ணினா கெட்டுப் போயிடும். முதல் எழுத்து மாறினா வேதியியல் மாறுது, வேதியியல் மாறினா நிறுத்தற வோல்டேஜ் மாறுது. செல்லைக் கையில எடுத்ததும் முதல்ல அந்த எழுத்தைப் படிங்க.

சாதா சிஆர் செல்லை ஏன் சார்ஜ் பண்ணக்கூடாது? உள்ள இருக்கிறது சுத்த லித்தியம் உலோகம். திருப்பி கரன்ட் விட்டா லித்தியம் சீரா படியாது, செடி வேர் விடற மாதிரி ஊசி ஊசியா வளரும். அந்த ஊசி நடுவுல இருக்கிற பிரிப்பானைத் துளைச்சா உள்ளயே ஷார்ட். இது உலகமே பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட பாடம். 1970கள்ல எக்ஸான் கம்பெனில ஸ்டான்லி விட்டிங்ஹாம் டைட்டானியம் டைசல்ஃபைடு வச்சு ரீசார்ஜபிள் லித்தியம் செல் செய்தார். அந்த வேலையில இருந்து சந்தைக்கு வந்தது எதுன்னு நினைக்கிறீங்க? வாட்ச்சுக்கான பட்டன் செல். ஊசி வளரக்கூடாதுன்னு சுத்த லித்தியத்துக்குப் பதிலா லித்தியம்-அலுமினியம் கலவை போட்டாங்க. 1989ல மோலி எனர்ஜின்னு ஒரு கனடா கம்பெனியோட லித்தியம் உலோக பேட்டரி ஜப்பான்ல ஃபோன்கள்ல தீப்பிடிச்சு, எல்லாத்தையும் திரும்ப வாங்கினாங்க. 1991ல சோனி லித்தியம்-அயான் கொண்டு வந்தப்புறம்தான் விஷயம் நிலைச்சது. விட்டிங்ஹாமுக்கு 2019ல நோபல் கிடைச்சது. ஆக, இப்போ ஃபோன்ல, கார்ல இருக்கிற இந்த டெக்னாலஜியோட ஆரம்ப காலப் பொருள்கள்ல ஒண்ணு ஒரு நாணய செல்தான்.

இந்தப் பாடம் இன்னும் எல்லாருக்கும் போய்ச் சேரலைங்கிறதுக்கு ஒரு சாட்சி நம்ம லேப் டிராயர்லயே இருக்கு. டிஎஸ்3231 கடிகார சிப் வச்ச நீல நிற போர்டு, ஆன்லைன்ல மலிவா கிடைக்குமே, அது. சிப் அருமையான சிப், வருஷத்துக்கு ரெண்டு நிமிஷம் கூட தப்பாது. ஆனா போர்டு பண்ணினவங்க 5 வோல்ட்ல இருந்து ஒரு டயோடு, ஒரு 200 ஓம் ரெசிஸ்டர் வழியா நேரா செல்லுக்குக் கம்பி விட்டிருக்காங்க. டயோடு 0.6 எடுத்துக்கிட்டா மிச்சம் சுமார் 4.4 வோல்ட். எல்ஐஆருக்கே அது அதிகம். எங்களுக்கு வந்த போர்டுல போட்டிருந்ததோ சிஆர்2032. உங்ககிட்ட அந்த போர்டு இருந்தா, அந்த ரெசிஸ்டரைச் சால்டரிங் அயர்ன் வச்சு எடுத்துடுங்க. கடிகாரம் அப்பவும் ஓடும், செல் மட்டும் சார்ஜ் ஆகாது.

சரி, முறையான சார்ஜர் என்ன செய்யும்? முதல்ல ஒரே அளவு கரன்ட் விடும். செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் வோல்டேஜை அங்கேயே பிடிச்சுக்கும். கரன்ட் தானா குறைஞ்சுக்கிட்டே வரும். போதுமான அளவு குறைஞ்சதும் முழுசா நிறுத்திடும். நிறுத்தணும், சும்மா 4.2ல பிடிச்சு வச்சுக்கிட்டே இருக்கக்கூடாது. அத்தை வேலையிலயும் இப்படி ஒரு எல்லை உண்டு. பாத்தித் தண்ணி சுமார் 25 டிகிரி போமே அடர்த்தியில உப்பா படிய ஆரம்பிக்கும். 29, 30 டிகிரிக்கு வந்தா மிச்சத் தண்ணியை வெளிய விட்டுடணும். விடலைன்னா மக்னீசியமும் சேர்ந்து உப்பு கசக்கும்.

எந்த சிப்? எல்லாரும் முதல்ல சொல்றது டிபி4056. "அதைப் போட்டு முடிச்சிடு, ரிவ்யூக்குப் போதும்"னு எனக்கும் அட்வைஸ் வந்தது. கடையில கிடைக்கிற டிபி4056 போர்டுல 1.2 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கும், அதுக்கு அர்த்தம் 1000 மில்லியாம்ப். 40 மில்லியாம்ப்-அவர் செல்லுக்கு ஆயிரம் மில்லியாம்ப்ங்கிறது, டம்ளர்ல தண்ணி பிடிக்க ஃபயர் சர்வீஸ் குழாயைத் திறக்கிற மாதிரி. ரெசிஸ்டரை 10 கிலோஓமா மாத்தினாலும் 120 மில்லியாம்ப் வரும், அதுவும் அதிகம். இந்த செல்லுக்கு 20 மில்லியாம்ப் போதும். அதனால எம்சிபி73831 எடுத்தேன். அதுல கணக்கு ரொம்ப எளிது. 1000ஐ கிலோஓம்ல இருக்கிற ரெசிஸ்டரால வகுத்தா மில்லியாம்ப். 50 கிலோஓம் போட்டா 20 மில்லியாம்ப். 15 வரைக்கும் இறக்கலாம்.

இது வரைக்கும் எந்த செமினார்லயும் சொல்லிடுவாங்க. என் பிரச்சினை இதுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சது. லித்தியம்-அயான் செல்லை சாதாரணமா 0ல இருந்து 45 டிகிரிக்குள்ளதான் சார்ஜ் பண்ணணும். அதுக்கு மேல சார்ஜ் பண்ணா உள்ள வேண்டாத வினைகள் வேகமா நடக்கும், வாயு உண்டாகும், செல் உப்பும். ஏசி ரூம்ல வாட்ச் சார்ஜ் பண்றவனுக்கு இது கவலையே இல்ல. ஆனா மே மாச மரக்காணத்துல மூடின டப்பாவை வெயில்ல வச்சா, உள்ள 50ஐச் சுலபமா தாண்டிடுது. யோசிச்சுப் பாருங்க. சோலார் பேனல் அதிகமா கரன்ட் கொடுக்கிற நேரமும் செல்லைச் சார்ஜ் பண்ணவே கூடாத நேரமும் ஒண்ணு. அந்த செல் இருக்கிறது ஒரு மனுஷியோட தோள்ல, கழுத்துல இருந்து ஒரு சாண் தூரத்துல.

முதல் யோசனை சாஃப்ட்வேர். மைக்ரோகன்ட்ரோலர் வெப்பத்தைப் பார்த்து சார்ஜரை நிறுத்தட்டும். எம்சிபி73831ல ப்ராக் பின்னோட ரெசிஸ்டர் இணைப்பை அறுத்துட்டா சார்ஜிங் நின்னுடும். ரெசிஸ்டரோட அடியில ஒரு மாஸ்ஃபெட் வச்சா போதும். ஆனா செல் முழுசா தீர்ந்து மைக்ரோகன்ட்ரோலரே செத்துப் போனா? மாஸ்ஃபெட் தானா ஆஃப் ஆகிற மாதிரி வச்சா, அப்புறம் சார்ஜ் ஆகவே ஆகாது. தானா ஆன் ஆகிற மாதிரி வச்சா, யாரும் பார்க்காத நேரத்துல 55 டிகிரில சார்ஜ் ஆகும். ப்ரோக்ராம் ஹேங் ஆனாலும் இதே கதி.

அதனால நிறுத்தற வேலையை ஒரு சாதா கம்பேரேட்டர்கிட்ட கொடுத்தேன். எல்எம்393, எலக்ட்ரானிக்ஸ் கடையில சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதுக்குக் கரன்ட் செல்லுல இருந்து இல்ல, பேனல்ல இருந்தே போகுது. வெயில் இருந்தா அதுக்கு உயிர் இருக்கும். வெயில் இல்லைன்னா சார்ஜிங்கும் இல்ல, அது தேவையும் இல்ல. ஒரு பக்கம் 10 கிலோஓம் ரெசிஸ்டரோட, செல்லை ஒட்டி வச்ச 10 கிலோஓம் தெர்மிஸ்டர். இன்னொரு பக்கம் சாதா ரெசிஸ்டர் ரெண்டு. ரெண்டு பக்கமும் ஒரே பேனல் வோல்டேஜ்ல இருந்து பிரியறதால, பேனல் ஏறினாலும் இறங்கினாலும் எல்லை மாறாது. பீட்டா 3950 தெர்மிஸ்டர் 45 டிகிரில சுமார் 4.35 கிலோஓம், 40 டிகிரில சுமார் 5.3 கிலோஓம். 45ல நிறுத்தி 40க்கு இறங்கினப்புறம்தான் மறுபடி ஆரம்பிக்கிற மாதிரி ஒரு ஃபீட்பேக் ரெசிஸ்டர் போட்டுட்டேன், இல்லேன்னா எல்லையில நின்னு துடிச்சுக்கிட்டே இருக்கும்.

"அப்போ மத்தியானம் முழுக்க வெயிலை வேஸ்ட் பண்றியா?"ன்னு ரிவ்யூல கேட்டாங்க. கணக்குப் போட்டுக் காட்டினேன். டப்பா ஒரு நாளைக்குச் செலவழிக்கிறது, வைப்ரேட்டரையும் சேர்த்து, 2 மில்லியாம்ப்-அவருக்குள்ள. 20 மில்லியாம்ப்ல அதைத் திருப்பி நிரப்ப ஆறு நிமிஷம் போதும். காலையில ஏழு மணி வெயில்ல அது முடிஞ்சுடும். உச்சி வெயில் நமக்குத் தேவையே இல்ல. கிடைக்குதுங்கிறதுக்காக எடுக்கணும்னு ஒண்ணும் இல்ல.

உப்புக்காத்து தனிக் கதை. செல் ஹோல்டர் துருப்பிடிக்கும், அதனால கால் வச்ச செல் வாங்கி போர்டுல சால்டர் பண்ணினேன். செல் மேலயே நேரா சால்டர் பண்ணாதீங்க, சூடு தாங்காது. போர்டு மேல உப்புப் படலம் படிஞ்சா அதுவே கரன்ட் கடத்தும். 60 மைக்ரோஆம்ப்ல ஓடற சர்க்யூட்ல சில மைக்ரோஆம்ப் கசிஞ்சாலும் பெரிய விஷயம். முழு போர்டுக்கும் கோட்டிங் அடிச்சாச்சு. டப்பா வெள்ளை நிறம், பேனலுக்கும் டப்பாவுக்கும் நடுவுல காத்து போக ஒரு இடைவெளி.

இனி நான் சொன்ன கேள்வி. டப்பாவை அத்தைகிட்ட கொடுத்து, எதுக்குன்னு விளக்கினேன். "இதுக்குள்ள இருக்கிற பேட்டரி சூடு தாங்காது அத்தை, 45 டிகிரி வந்தா தானா வேலையை நிறுத்திக்கும். உங்களுக்கும் சூடு அதிகமானா இது அதிரும். அப்போ நீங்க நிழல்ல கொஞ்ச நேரம் உக்காரணும்."

அத்தை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "இது நின்னுக்கும்னு சொல்ற, செரி. நான் நின்னா கூலி யாருப்பா குடுப்பா? நிழல் எங்கிருக்குது?"

ரெண்டு ரூபா தெர்மிஸ்டர் சொன்னா 40 மில்லியாம்ப்-அவர் செல்லுக்கு ஓய்வு கிடைக்குது. அதுக்கு ஒரு டேட்டாஷீட் இருக்கு. மீறினா கம்பெனி பொறுப்பு ஏத்துக்காதுன்னு எழுதியிருக்கு. அதனால நாம எல்லாரும் மதிக்கிறோம். அத்தை உடம்புக்கும் ஒரு எல்லை இருக்கு, அதையும் ஆராய்ச்சி பண்ணி எழுதி வச்சிருக்காங்க. ஆனா அந்த எல்லை வரும்போது நிறுத்தற கம்பேரேட்டர் எந்தக் கம்பியிலயும் இல்ல. அதிர்ற டப்பாவை மட்டும் கொடுத்தா, நிறுத்தற பொறுப்பையும் அவங்க தலையிலயே கட்டிடறோம். அதிரும்போது நிக்கலைன்னா அது அவங்க தப்புன்னு ஆயிடும்.

அதனால டிசைன்ல ஒண்ணு மாத்தினேன். அதிர்றதை ரெண்டாவது இடத்துக்குத் தள்ளி, லாகை முதல் இடத்துக்குக் கொண்டு வந்தேன். எந்த நாள், எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும் எல்லை தாண்டியிருந்ததுன்னு நேரத்தோட ஒரு பட்டியல். வேலை நேரத்தை மாத்துங்க, கூரை போட்ட ஒரு பந்தல் போடுங்க, தண்ணி வைங்கன்னு கேக்கப் போறப்போ கையில காட்ட அது உதவும். கடிகாரம் நின்னு போனா அந்தப் பட்டியல் வெறும் நம்பர். கடிகாரம் நிக்காம இருக்கணும்னா செல் உயிரோட இருக்கணும். இப்போ அந்த 20 மில்லியாம்ப் சார்ஜர் எனக்கு ரொம்ப முக்கியமா படுது.

அந்தப் பட்டியலை யார்கிட்ட கொண்டு போறது, எப்படிக் கேக்கறது? அது சர்க்யூட் இல்ல, எனக்கு அந்தப் பாடம் யாரும் நடத்தல. சிவில் பசங்க, உப்பு வரப்புல நிக்கற மாதிரி, காத்துக்குப் பறக்காத ஒரு பந்தலை யோசிங்க. லா காலேஜ்ல ஃப்ரெண்ட்ஸ் இருக்கிறவங்க அவங்ககிட்ட கேளுங்க. மரக்காணம் பக்கம் இருந்து வர்றவங்க, உங்க வீட்டுலயும் யாராவது இதே வேலையில இருப்பாங்க, அவங்ககிட்ட முதல்ல கேளுங்க.

ஸ்கீமேட்டிக்கும் போர்டு ஃபைலும் டிபார்ட்மென்ட் லேப் கம்ப்யூட்டர்ல வச்சிருக்கேன். ஜூனியர்ஸ், எடுத்துக்கோங்க. சென்சரை மாத்துங்க, டப்பாவை மாத்துங்க, ப்ரோக்ராமை முழுசா திருத்தி எழுதுங்க. இடம் பத்தலைன்னு அந்தக் கம்பேரேட்டரை மட்டும் எடுத்துடாதீங்க.